ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடக்கிறான்: சிறைகள் ஏன் இப்படி நிரம்புகின்றன?

மில்காரன்:
எங்கள் மில்லில் வேலை பார்த்த ஒடிசா பையன், 22 வயது, செல்போன் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆனான். ஜாமீன் கிடைத்து 38 நாள் ஆகிறது, இன்னும் வெளியே வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் வீட்டு வரி ரசீதோடு வந்து ஜாமீன் நிற்க வேண்டுமாம். இந்த ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? கூடத் தங்கியிருந்த ஆறு பேரும் ஒடிசாதான். போன வாரம் மனு போட்டுப் பார்க்கப் போனேன். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், அவன் பேசியது காதிலேயே விழவில்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிச் சாய்த்துக் காட்டினான், ஒருக்களித்துத்தான் படுக்க முடிகிறதாம். குற்றம் பெருகிவிட்டது, புது ஜெயில் கட்டினால் சரியாகும் என்கிறார் எங்கள் மேனேஜர். அப்படித்தானா?

கோர்ட்_வராண்டா:
இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கையே பாருங்கள். 2012 இறுதியில் நாடு முழுக்கச் சிறைகளில் சுமார் 3.85 லட்சம் பேர், 2022 இறுதியில் 5.73 லட்சம். அதே பத்து வருடத்தில் 90,000 பேருக்கு மேல் புதிதாக இடம் கட்டினார்கள், ஆனாலும் நூறு பேர் இடத்தில் 112 பேர் என்றிருந்த நெரிசல் 131 ஆனது. கூடியவர்கள் யார் என்றால், தண்டனைக் கைதிகள் ஆறாயிரம் பேர்கூட இல்லை, மீதி கிட்டத்தட்ட எல்லாருமே வழக்கு முடியாமல் உள்ளே இருக்கிற விசாரணைக் கைதிகள். 2022 இறுதியில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் அவர்கள்தான். அப்போது டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் நூறு பேர் இடத்தில் சுமார் 180 பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கில் இடம் மிச்சம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சிறையிலும் அப்படி இல்லை என்பதற்கு உங்கள் பையனே சாட்சி. அதோடு, விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை அடைக்கிற குண்டாஸ் மாதிரித் தடுப்புக் காவலில் இருப்பவர்கள் நம் மாநிலத்தில்தான் அதிகம்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி விடுதலை தாமதமாகும் வழக்குகளில் உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் இலவசச் சட்ட உதவி தருகிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம். உங்களுக்கு அந்த ஒரு மாதமும் தாண்டிவிட்டது. நாளைக்கே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.

பஜார்_கடை:
எல்லாம் சரி சார், என் கடைப் பூட்டை உடைத்தவன் ஜாமீனில் போனான், அதோடு வாய்தாவுக்கே வரவில்லை. நான்கு வருடமாக நான்தான் கோர்ட்டுக்கு அலைகிறேன், ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திவிட்டு. ஏழை என்று எல்லாரையும் விட்டுவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கோர்ட்_வராண்டா:
உங்கள் கோபம் நியாயமானது அண்ணா. ஆனால் உங்களை அலைய விடுகிற அதே தாமதம்தான் அந்த ஒடிசா பையனைப் போன்றவர்களை உள்ளே வைத்திருக்கிறது. சாட்சி வரவில்லை, கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துவர வழிக்காவல் போலீஸ் இல்லை, நீதிபதி இடமே காலி, அடுத்த வாய்தா. ஓடிப் போகிறவனுக்குப் பிடிவாரண்ட் இருக்கிறது, அதை ஒழுங்காக நிறைவேற்றட்டும். யாரை உள்ளே வைப்பது என்பதை வீட்டு வரி ரசீது தீர்மானிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (BNSS) 479ஆம் பிரிவு இருக்கிறது: இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தில் விட்டாக வேண்டும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்குக் கிடையாது, வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் அதுவும் போச்சு. இந்தக் கடைசி விதியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய_வார்டர்:
சிறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் தம்பி. விடுதலை ஆணையில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆளை அனுப்ப மாட்டார்கள். ஒடிசாப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது இது அடிக்கடி நடக்கும். ரிமாண்ட் வாரண்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

மில்காரன்:
ஆணைக்குழுவுக்குப் போய் வந்தேன். வக்கீல் ஒருவரைக் கொடுத்திருக்கிறார்கள், நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுவும் போட்டாயிற்று, வியாழக்கிழமை வருகிறது. வார்டர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ரிமாண்ட் வாரண்டில் அவன் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஜாமீன் உத்தரவில் வேறு மாதிரி. இரண்டையும் வக்கீலிடம் காட்டிவிட்டேன்.