சுண்ணாம்புக்கல்லும் அமிலமும்: மோல் கணக்கில் சந்தேகம்

கேள்வி: 10 கிராம் கால்சியம் கார்பனேட் முழுவதும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வினைபுரிந்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? விடைக்குறிப்பில் 2.24 லிட்டர், என் மகனுக்கு 1.12 வருகிறது. கந்தக அமிலத்தில் போட்டால் நுரை ஏன் பாதியில் அடங்கிவிடுகிறது?

பதில் 1: 2.24 சரி. மோலார் நிறை (ஒரு மோலின், அதாவது துகள்களை எண்ணும் அலகு ஒன்றின், கிராம் எடை) கால்சியம் 40 + கார்பன் 12 + மூன்று ஆக்சிஜன் 48 = 100; ஆக 10 கிராம் என்பது 0.1 மோல். CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂ என்ற சமன்பாட்டில் 2 அமிலத்துக்கு முன்னால்தான் இருக்கிறது, வாயுவுக்கு ஒன்றே; ஆக வாயுவும் 0.1 மோல், 0.1 × 22.4 = 2.24 லிட்டர். தம்பி அந்த 2-ஆல் வாயுவை வகுத்திருப்பார். அமிலம்தான் 0.2 மோல் வேண்டும்: 2 மோலார் (லிட்டருக்கு 2 மோல்) கரைசலில் 100 மி.லி. இன்னொன்று, ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டுமே. 25 டிகிரியில் 24.5 என்று எடுக்க வேண்டும். பலர் இதில்தான் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

பதில் 2: கந்தக அமிலத்தில் உண்டாகும் கால்சியம் சல்பேட் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அது கல்லின் மேல் படலமாகப் படிந்து அமிலத்தை உள்ளே விடாது.

பதில் 3: பாறைப் பாடத்துக்கும் இது உதவும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட் கனிமம்) உடனே பொங்கும், மக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட்டைப் பொடியாக்கினால்தான் லேசாக நுரைக்கும், குவார்ட்ஸ் (மணலில் உள்ள கனிமம்) அசையாது. ஆனால் பொங்கியதெல்லாம் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடாதீர்கள். கால்சைட்டால் பிணைந்த மணற்பாறையும் பொங்கும். அமிலம் விட்ட இடத்தை லென்ஸில் பாருங்கள், மணல் பரல்கள் அப்படியே நிற்கும்.