மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு: 1737ஆ, 1743ஆ?

வெள்ளவத்தை வினாக்கொத்து:
பாடசாலை வினாவிடைப் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கிறோம். இத்தாலியின் புளோரன்சை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு ஜான் கஸ்தோனே (இறப்பு 1737) என்று ஓரிடத்திலும், அன்னா மரியா லூயிசா (1743) என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. மெடிச்சி என்ற பெயரில் இத்தாலியில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்களாமே! எதை விடையாகப் போடுவது?

ஏட்டுச்சுவடி:
கேள்வியில்தான் ஓட்டை. எந்தக் கிளை, ஆண்வழியா பெண்வழியா என்று சொல்லாமல் "கடைசி" என்று போட்டால் மேடையிலேயே சண்டை வரும்.

புளோரன்சைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனியை ஆண்ட கடைசி மெடிச்சி ஜான் கஸ்தோனே. 1737 ஜூலை 9இல் இறந்தார். அண்ணன் பெர்டினாண்டோ 1713இலேயே பிள்ளையில்லாமல் போய்விட்டார். ஜான் கஸ்தோனேயின் மனைவியோ பொஹீமியாவை விட்டு புளோரன்சுக்கு வரவே மறுத்தவர். (அந்தப் பெண்ணின் தகப்பனும் தன் கிளையின் கடைசி ஆண்தான். பொருத்தம் பார்த்தவரைச் சொல்லவேண்டும்!) தம்பிக்குப் பிறகும் உயிரோடிருந்த அக்காதான் அன்னா மரியா லூயிசா. 1743 பெப்ரவரி 18இல் அவரோடு அந்த அரச கிளை முடிந்தது. ஆகவே "தஸ்கனியை ஆண்ட கிளையின் கடைசி நபர்" என்று கேளுங்கள், விடை அன்னா. "கடைசி ஆட்சியாளர்" என்றால் தம்பி.

இன்று இருப்பவர்கள் நேப்பிள்ஸ் பக்கத்து ஒத்தாயானோ கிளை. அது வெகு முன்பே பிரிந்தது. பெண்வழி பார்த்தால் கணக்கே இல்லை: 1600இல் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றியை மணந்த மரியா மெடிச்சி வழியாக இன்றைய ஸ்பெயின் மன்னரும் வாரிசுதான்.

மருதானை வாசகி:
இதைவிட நல்ல கேள்வி 1737 குடும்ப ஒப்பந்தம். சிம்மாசனம் யாருக்கு என்பதை வல்லரசுகள் 1735இலேயே முடிவுகட்டி, லொரேன் பிரபு பிரான்சிஸுக்குக் கொடுத்துவிட்டன. அன்னாவின் உரிமையை ஒருவரும் மதிக்கவில்லை. ஆனால் ஓவியம், சிலை, நூல், நகையெல்லாம் குடும்பச் சொத்து, அதில் கைவைக்க முடியாது. அந்த ஒப்பந்தத்தில் அன்னா அவற்றைப் புதிய ஆட்சியாளருக்கு விட்டுக்கொடுத்தபோது, எதையும் புளோரன்சிலிருந்து வெளியே கொண்டுபோகக்கூடாது என்று நிபந்தனை போட்டார். புளோரன்சின் உஃபிசி கலைக்கூடம் இன்றும் நிறைந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

வெள்ளவத்தை வினாக்கொத்து:
நன்றி, இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். கொழும்பு உல்ஃபெண்டால் தேவாலயத்து ஒல்லாந்தர் கல்லறைக் கற்களிலும் கேடயச் சின்னம் (குடும்ப முத்திரை) இருக்கிறதே, அவர்களும் பிரபுக்கள்தானா?

ஏட்டுச்சுவடி:
சின்னத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லமுடியாது. ஒல்லாந்தில் சாதாரண வணிகரும் கேடயச் சின்னம் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கியர் குடும்பம் அற்றுப்போனதா என்று பார்க்க, டச்சு பறங்கியர் சங்கச் சஞ்சிகையில் வந்த வம்சாவளிப் பட்டியல்களைத் தேடுங்கள். அதிலும் ஒரு பொறி: மணமாகிப்போன மகளின் பிள்ளைகள் கணவன் குடும்பப் பட்டியலில்தான் இருப்பார்கள். ஒரே பட்டியலைப் பார்த்துவிட்டு "அழிந்த குடும்பம்" என்று கேள்வி எழுதாதீர்கள்.