ராக்ஸ்டிபி பெஞ்ச்மார்க்கைத் தானியங்கியாக்கியவர்கள் சொல்லுங்கள்: எண் எங்கே ஏமாற்றுகிறது?

ராக்ஸ்டிபி என்ற கீ-வேல்யூ டேட்டாபேஸ் லைப்ரரியை உள்ளே வைத்து ஓடும் சேவைகளில், ஒவ்வொரு இரவும் புது பில்டின் வேகத்தைத் தானாக அளக்கும் ஏற்பாடு வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். ராக்ஸ்டிபியோடு வரும் வேகம் அளக்கும் நிரலான டிபி_பெஞ்சைக் கூப்பிடும் ஸ்கிரிப்டை யாரும் எழுதிவிடலாம். அது கக்கும் எண்ணை நம்பி ஒரு கமிட்டை (கோட் மாற்றத்தை) திருப்பி அனுப்பலாமா என்பதுதான் சிக்கல். செய்து பார்த்தவர்கள் அளவு, அமைப்பு, கோளாறு எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள். நான் தரவு ஏற்றும் பகுதியிலிருந்து தொடங்குகிறேன்.

டிபி_பெஞ்சை எந்த அமைப்பும் மாற்றாமல் ஓட்டினால் 10 லட்சம் கீ, கீ 16 பைட், வேல்யூ 100 பைட். மொத்தம் 110.6 எம்பி, வேல்யூ பாதியாகச் சுருங்கும் என்ற அதன் கணக்கில் டிஸ்கில் சுமார் 63 எம்பி. எழுத்தை முதலில் ராமில் சேர்த்துவைக்கும் மெம்டேபிள் ஒன்றின் இயல்பு அளவே 64 எம்பி! கம்பாக்‌ஷனுக்கு (டிஸ்க் கோப்புகளைப் பின்னணியில் ஒன்றிணைப்பது) வேலையே வராது, வாசிப்பு முழுக்க ராமிலிருந்து வரும். டிஸ்கைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. 10 கோடி கீ, 400 பைட் வேல்யூ என்று வைத்தால் டிஸ்கில் சுமார் 22 ஜிபி வரும். சோதனை புராசஸை சிகுரூப் (லினக்ஸில் புராசஸுக்கு வரம்பு போடும் வசதி) வழியாக 6 ஜிபி ராமுக்குள் அடக்குங்கள். பேஜ் கேஷும் (கோப்புகளை ஓஎஸ் ராமில் வைத்திருக்கும் நகல்) அந்த வரம்புக்குள்ளேயே கணக்காகும் என்பதால், பெரிய சர்வரிலும் டிஸ்கைத் தொடும் சோதனை கிடைக்கும்.

கீகளை ரேண்டமாக எழுதும் ஃபில்ரேண்டம் சோதனையை வைத்து ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீகளை அது திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கக்கூடும். அதனால் கீ எண்ணிக்கை அளவுக்கே எழுதினாலும் ஏறக்குறைய 63% கீகள்தான் உண்மையில் இருக்கும். அடுத்து, கீகளை ரேண்டமாக வாசிக்கும் ரீட்ரேண்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'இல்லை' என்றே பதில் வரும். கீ இல்லை என்று முன்கூட்டியே சொல்லும் புளூம் ஃபில்டர் இருந்தால் அந்தத் தேடல்கள் டிஸ்கைத் தொடாமலே முடிந்துவிடும், வேகம் பொய்யாக ஏறும். முடிவு வரியில் எத்தனை கீ கிடைத்தது என்று டிபி_பெஞ்சே அச்சிடுகிறது. ஸ்கிரிப்ட் அந்த எண்ணையும் பிடித்து, எதிர்பார்த்ததோடு பொருந்தாவிட்டால் ஓட்டத்தையே தள்ளுபடி செய்யட்டும்.

கீகளை வரிசையாக எழுதும் ஃபில்சீக்கால் ஏற்றினால் எல்லா கீயும் இருக்கும். ஆனால் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். புரொடக்‌ஷனில் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் அப்படி இருப்பதில்லை. ஏற்றியபின், இருக்கும் கீகளை ரேண்டமாக மறுபடி எழுதும் ஓவர்ரைட் ஓட்டி அந்தக் கோப்பு அடுக்கைக் கலைத்து, கம்பாக்‌ஷன் ஓயும்வரை காத்திருந்து, அந்த நிலையை மூலப்பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் அதன் நகலிலிருந்தே தொடங்க வேண்டும். ராக்ஸ்டிபி தரவை வைக்கும் .sst கோப்புகள் எழுதியபின் மாறாதவை. ஆகவே ராக்ஸ்டிபியின் செக்பாயிண்ட் வசதி அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் ஹார்டுலிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டே நகல் தரும், சில நொடி வேலை.

*

செக்பாயிண்ட் யோசனை சரி, ஒரு எச்சரிக்கையோடு. மூலப்பிரதி பழைய பில்டால் எழுதப்பட்டது. பிளாக் வடிவத்தையோ ஃபில்டரையோ மாற்றும் கமிட் வந்தால் அந்தப் பிரதியில் மாற்றம் தெரியாது. பழைய வடிவத்தைத்தான் வாசித்துக்கொண்டிருப்போம். வாரம் ஒருமுறையாவது புது பில்டாலேயே புதிதாக ஏற்றி அளக்கும் தனி வேலை வேண்டும்.

வாசிப்புச் சோதனைக்கு, ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் சீடையும் பாருங்கள். ஒரே சீடில் இரண்டு ஓட்டம் அடுத்தடுத்து ஓடினால் இரண்டாவது அதே கீகளை அதே வரிசையில் கேட்கும். முதல் ஓட்டம் சூடேற்றிய கேஷ் அதற்கு அப்படியே உதவும். ஓட்டத்துக்கு ஒரு சீட் கொடுத்து, அதை முடிவோடு சேமியுங்கள். இடையில் பேஜ் கேஷையும் காலிசெய்யுங்கள்.

பில்ட் ரிலீஸ் வகைதானா என்பதையும் ஸ்கிரிப்டே சோதிக்கட்டும். கோடுக்குள் இருக்கும் அசர்ஷன் சோதனைகள் இயங்கிக்கொண்டிருந்தால் டிபி_பெஞ்ச் எச்சரிக்கை வரி அச்சிடும். தானியங்கி ஓட்டத்தில் அதை யாரும் வாசிப்பதில்லை.

*

எழுத்துச் சோதனையில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது கால அளவு. புதிய கோப்புகள் முதலில் விழும் அடுக்கான லெவல் 0-இல் 4 கோப்பு சேர்ந்ததும் கம்பாக்‌ஷன் தொடங்கும், 20 ஆனால் எழுத்து மெதுவாக்கப்படும், 36 ஆனால் நிறுத்தப்படும். இவை இயல்பு அமைப்புகள். தேங்கிய கம்பாக்‌ஷன் வேலைக்கும் 64 ஜிபியில் மென்வரம்பு, 256 ஜிபியில் கடின வரம்பு உண்டு. ஐந்து நிமிடச் சோதனை பல வேளை இந்தக் கட்டத்துக்கு வருமுன்பே முடிந்துவிடும். அப்போது கிடைப்பது கடன் வாங்கிச் செலவழித்த வேகம். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். சராசரியை மட்டும் எடுக்காமல் நொடிக்கு நொடி த்ரூபுட்டை (முடிந்த வேலைகளின் எண்ணிக்கையை) கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு டிபி_பெஞ்சிலேயே வழி இருக்கிறது. ஆரம்பப் பகுதியை வெட்டிவிட்டு மீதியில் மீடியனையும், த்ரூபுட் பூஜ்யத்தில் கிடந்த நொடிகளையும் கணக்கிடுங்கள். சராசரி ஒன்றாகவே இருந்து, நின்றுபோன நொடிகள் மட்டும் கூடும் கமிட்கள் உண்டு. சேவையை நோகடிப்பவை அவைதான்.

*

மெஷின் பற்றி யாரும் எழுதவில்லையே. சிபியு கவர்னரை (சிபியு வேகத்தை ஏற்றி இறக்கும் அமைப்பை) பெர்ஃபாமன்ஸில் வையுங்கள், டர்போவை அணையுங்கள், புராசஸை ஒரே நூமா நோடில் (சிபியுவும் அதை ஒட்டிய ராமும் சேர்ந்த பகுதி) கட்டுங்கள். உபுண்டு என்றால் தானாக அப்டேட் செய்யும் டைமர்களை நிறுத்துங்கள்; இரவு பெஞ்ச்மார்க் ஓடும் நேரத்திலும் அவை விழித்துக்கொள்ளக்கூடும். ஓட்டத்துக்கு முன் டிரிம் (காலியான பிளாக்குகள் எவை என்று டிஸ்குக்குச் சொல்லும் கட்டளை) கொடுங்கள், இல்லாவிட்டால் முந்தின ஓட்டம் அழித்த பிளாக்குகளின் சுமை இந்த ஓட்டத்தின் தலையில் விழும்.

கிளவுடில் ஓட்டுபவர்களுக்கு: அமேசானின் ஜிபி2 டிஸ்க் 1000 ஜிபிக்குக் கீழ் இருந்தால் கிரெடிட்டில் ஓடும். கிரெடிட் நிறைந்திருக்கும்போது குறைந்தது 30 நிமிடம் 3000 ஐஓபிஎஸ் (நொடிக்கான வாசிப்பு, எழுத்து எண்ணிக்கை) தரும், தீர்ந்ததும் அடிப்படை வேகத்துக்கு விழும். எழுத்து ஸ்டாலும் அதே நேரத்தில் வந்தால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. சர்வருக்குள்ளேயே இருக்கும் என்விஎம்இ டிஸ்க் கொண்ட இன்ஸ்டன்ஸ் எடுப்பது நல்லது.

*

லேட்டன்சி (ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் நேரம்) அளப்பவர்களுக்கு ஒரு கேள்வி. டிபி_பெஞ்ச் த்ரெட் ஒவ்வொன்றும் முந்தின பதில் வந்தபின்தானே அடுத்ததைக் கேட்கிறது? எழுத்து 2 நொடி நின்றால் அந்த 2 நொடியில் வந்திருக்க வேண்டிய கோரிக்கைகள் கணக்கிலேயே வராது. 99-ஆம் பெர்சென்டைல் (நூறில் 99 கோரிக்கை முடிந்துவிடும் நேரம்) சுத்தமாகத் தெரியும். இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

*

லேட்டன்சி அளவீட்டில் பேர்போன பொறியாளர் கில் டெனே 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். நிலையான வேகத்தில் கோரிக்கை அனுப்பும் கிளையன்ட் தனியாக எழுத வேண்டும். உச்ச த்ரூபுட்டில் 60-70% என்று வேகத்தை வைத்து, கோரிக்கை கிளம்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து லேட்டன்சியை எண்ணுங்கள். உச்ச வேகத்தில் அளக்கும் லேட்டன்சி க்யூவின் நீளத்தைத்தான் காட்டும்.

*

இரண்டு பில்டை ஒப்பிட எங்கள் குழு 5% வரம்பு வைத்திருக்கிறது. தினமும் பொய் அலாரம். என்ன வரம்பு வைக்கலாம்?

*

வரம்பை விடுங்கள் நண்பரே, முதலில் ஒரே பில்டை அதனோடே ஒப்பிட்டு ஓட்டுங்கள். அங்கேயே 4% ஆடினால் 5% வரம்புக்குப் பொருளில்லை. பழையது மூன்று முறை, பிறகு புதியது மூன்று முறை என்று ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அறை வெப்பமும் டிஸ்க் நிலையும் மெல்ல நகர்வது இரண்டு பக்கத்துக்கும் பங்காகும். நாள்தோறும் சேரும் வரிசைக்கு சேஞ்ச் பாயிண்ட் கண்டறிதல் (வரிசை எந்த இடத்தில் மாறியது என்று புள்ளியியல் வழி தேடுவது) பொருத்தம். மாங்கோடிபி பொறியாளர்கள் 2020-இல் இதைப் பற்றி ஆய்வுக்கட்டுரையே வெளியிட்டார்கள். நிலையான வரம்புகளால் வந்த இதே தொல்லைதான் அவர்களுக்கும்.

நேரத்தோடு சேர்த்து, அவ்வளவாக ஆடாத அளவுகளையும் சேமியுங்கள்: கம்பாக்‌ஷன் எழுதிய மொத்த பைட், ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் (நாம் எழுதும் ஒரு பைட்டுக்கு டிஸ்கில் எழுதப்படும் பைட்), பிளாக் கேஷ் மிஸ் எண்ணிக்கை, ஒரு கோரிக்கைக்கான சிபியு இன்ஸ்ட்ரக்‌ஷன். பக்கத்து மெஷினின் இரைச்சல் இவற்றை அதிகம் தொடாது. த்ரூபுட் 3% இறங்கி இவை எதுவும் அசையவில்லை என்றால், கமிட்டைத் தேடுவதற்குமுன் மெஷினைப் பாருங்கள்.