பொசிவு, ஒழுகல், வழிவு: பெட்ரோல் டேங்க் கசிவுக்கு ஒரே சொல் போதாது

வணக்கம் நண்பர்களே,

பழைய மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கையேட்டின் தமிழாக்க வரைவைப் படித்தேன். 'லீக்' வருகிற இடமெல்லாம் கசிவு என்றே போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். டேங்குக்கு அடியில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் அது மூன்று வெவ்வேறு கோளாறுகளில் எதுவாகவும் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குச் செய்தால் வேலை வீண் என்பதோடு போகாது, பெட்ரோல் என்பதால் தீ விபத்தில் போய் முடியும். அதனால் சொல்லிலேயே பிரித்துவிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு அவசரத் திருத்தம். வரைவின் தொடக்கத்தில் 'எரிவாயுத் தொட்டி' என்று இருக்கிறது. ஆங்கில மூலத்தில் உள்ள 'கேஸ்' அமெரிக்கர்கள் கேசலினைச் சுருக்கிச் சொல்வது, அதாவது நம் பெட்ரோல். அதை உடனே எடுத்துவிடுங்கள். தொட்டி என்பதும் திறந்த வாயுள்ளதாகத்தான் மனத்தில் வருகிறது. தலைப்புகளில் பெட்ரோல் கலன், உள்ளே ஓடுகிற வாக்கியங்களில் டேங்க், இது போதும் என்பேன்.

சரி, மூன்று கோளாறுகளுக்கு வருகிறேன். முதலாவது டேங்கின் தகடே அரித்துப் போவது. அச்சில் அழுத்தி எடுத்த இரும்புத் தகடுகளை ஓரம் சேர்த்துப் பற்றவைத்துத்தான் (வெல்டிங்) டேங்க் செய்கிறார்கள், அந்த இணைப்பு பெரும்பாலும் அடிவிளிம்பில் வரும். பாதி காலியாக நிற்கிற டேங்கில் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும், மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் மழைநீரும் இறங்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு என்பதால் தண்ணீர் கீழே போய் மிகத் தாழ்வான இடத்தில், அதாவது அந்த இணைப்பின் மேலேயே, படுத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு, அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே தின்று வருகிறது. வெளியே முதலில் தெரிவது பெயிண்ட் கொப்புளம், அப்புறம் பழுப்பாக ஒரு கறை. துணியால் துடைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், சற்று நேரத்தில் அதே இடம் மறுபடி நனைந்திருக்கும், ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழாது. பெயிண்டைச் சுரண்டினால் ஊசி முனை அளவில் துளைகள் வரிசையாக இருக்கும். இதற்கு நான் முன்மொழிவது பொசிவு. துளைக்கு ஊசித்துளை.

> பொசிவு இன்று யாருக்கும் புரியாது. ஊறல் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா, ஊறல் தெரிந்த சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கிணற்றில் நீர் ஊறும், அரிசி தண்ணீரில் ஊறும், வெளியே வருவதற்கும் உள்ளே இழுப்பதற்கும் அதே சொல்தான். இங்கே பெட்ரோல் ஒரு தடுப்பைத் தாண்டி மெல்ல வெளிவருகிறது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். வாய்க்காலில் நெல்லுக்குப் போகிற நீர் புல்லுக்கும் பொசிகிறது என்பது பள்ளியில் மூதுரை படித்த எல்லோர் காதிலும் இருக்கிறது. வழக்கில் மங்கிய சொல்லே தவிர அந்நியமான சொல் அல்ல.

இரண்டாவது, பொருத்துகிற இடங்களில் வருவது. டேங்குக்கும், பெட்ரோலைத் திறந்து மூடுகிற பெட்ரோல் காக்குக்கும் நடுவே உள்ள வாஷர் அல்லது ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கும், காக்கின் நெம்புகோலுக்குப் பின்னால் இருக்கிற துளையிட்ட ரப்பர் இறுகிப்போயிருக்கும், அல்லது ஹோஸ் குழாய் முனையில் விரிசல் விட்டிருக்கும். இங்கே சொட்டு விழும், மெக்கானிக்கும் 'ஒழுகுது' என்றுதான் சொல்வார். ஆகவே ஒழுகல். 'ஒழுக்கு' என்று முதலில் எழுதியிருந்த தோழரே, நடத்தைப் பொருள் குறுக்கே வரும் என்று அக்கா சொன்னது சரிதான், ஒழுகல் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. கண்டுபிடிக்கும் முறையையும் சொல்லுக்குப் பக்கத்திலேயே கையேட்டில் போட்டுவிடலாம்: காக் மூடியிருக்கும்போதும் அதன் மேல்பக்கம் ஈரமானால் டேங்கோடு சேரும் வாஷர், திறந்தால் மட்டும் கீழே சொட்டினால் ஹோஸ், நெம்புகோலைச் சுற்றி நனைந்தால் உள் ரப்பர். இதற்கெல்லாம் டேங்கை உரசவோ பூசவோ வேண்டியதே இல்லை.

மூன்றாவது, கார்ப்பரேட்டரில் நிரம்பி வெளியேறுவது. மிதவை ஊசியில் தூசி சிக்கினாலோ மிதவையே ஓட்டையாகி மூழ்கினாலோ பெட்ரோல் வரவு நிற்காது, வடிகுழாய் வழியாகக் கொட்டும். பெட்ரோல் காக்கை மூடினால் சிறிது நேரத்தில் நின்றுவிடும், டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது. வழிவு. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். கசிவு என்பதை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்வோம்.

> பெட்ரோல் காக் = எரிபொருள் ஓரதர்

இது வேண்டாம். ஓரதர் என்பது ஒரு வழியில் மட்டும் விடுகிற வால்வுக்குப் பொருந்திய சொல், ஓர் அதர், ஒரே வழி. பெட்ரோல் காக் அப்படி அல்ல, திறந்தால் எந்தப் பக்கமும் போகும், மூடினால் நிற்கும், அவ்வளவுதான். போதாததற்கு அதன் உள்ளே உயரமான ஒரு நிலைக்குழாயும் தாழ்வான ஒரு துளையும் இருக்கின்றன, அதனால்தான் 'ரிசர்வ்' கிடைக்கிறது. புதுச்சொல் வேண்டுமென்றால் மடை நல்ல சொல், திறப்பு மூடல் இரண்டும் அதில் இருக்கிறது. ஆனாலும் காக் என்று எல்லோரும் கையில் பிடித்துப் பழகியிருக்கிற சொல்லை மாற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. பிரித்தறிய முடியாமல் குழம்புகிற இடத்தில்தான் கலைச்சொல் தேவை.

அப்படிக் குழம்பினால் ஆளையே கொல்லக்கூடிய இடம் ஒன்று வரைவில் இருக்கிறது. 'டேங்கைக் காலி செய்தபின் பற்றவைக்கவும்' என்கிற வரி. தயவுசெய்து இதை இப்படியே விடாதீர்கள். பெட்ரோலை வடித்துவிட்ட டேங்க் காலி அல்ல, அதில் ஆவி நிறைந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றோடு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும் வெடிப்பதற்கு. கடுங்குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடுகிற திரவம் அது, ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மூடியைத் திறந்துவைத்தாலும் மேலே ஏறிப் போய்விடாது. துருவின் மடிப்புகளுக்குள்ளும் இணைப்பின் இடுக்கிலும் ஒட்டியிருக்கிற பெட்ரோல், நெருப்பின் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். முழுதாக நிரம்பிய டேங்கைவிட இதுதான் பயப்பட வேண்டிய டேங்க். எனவே 'காலி', 'ஆவி நீங்கிய' என்று இரண்டு சொற்களையும் கட்டாயம் பிரித்து, காலி டேங்க் பற்றவைக்கத் தகாதது என்று வரையறையிலேயே எழுத வேண்டும். சோப்புநீர் விட்டுப் பலமுறை அலசி, வெந்நீரோ நீராவியோ பாய்ச்சி, அதன் பிறகும் வேலை நடக்கும் இடம் தவிர மற்றதைத் தண்ணீரால் நிரப்பியோ எரியவிடாத மந்த வாயு செலுத்தியோதான் அனுபவமுள்ளவர்கள் தொடுகிறார்கள். வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

பற்றவைப்பு என்ற ஒரே சொல்லால் மூன்று வேலைகளையும் குறித்திருப்பதும் சரியல்ல. தகடையே உருக்கிச் சேர்ப்பது பற்றவைப்பு. பித்தளைக் கம்பியை உருக்கி ஓடவிடுவது பித்தளைப் பற்று. ஈயம் கலந்த பற்றாசு வைப்பது பற்றாசு வைத்தல், பொற்கொல்லர்களிடமிருந்து வந்த பழைய சொல், அப்படியே இருக்கட்டும். அரித்து மெலிந்த தகட்டில் பற்றவைப்பின் சூடு புதுத் துளை போடும், குறைந்த சூட்டில் முடிகிற மற்ற இரண்டுக்கும் அந்த அபாயம் குறைவு. ஆகவே இந்தப் பிரிவு படிப்பவருக்குப் பயன்படும்.

நெருப்பே இல்லாத வழிக்கு உள்பூச்சு என்று இருப்பது நன்று. அதற்கு முன் துரு நீக்குவதற்குச் சலவைச் சோடா கரைசலில் மின்பகுப்பு செய்கிற பகுதியில் ஒரு சேர்க்கை வேண்டும்: டேங்க் மின்சாரத்தின் எதிர்முனையில் (நெகட்டிவ்), உள்ளே தொங்கும் இரும்புக் கம்பி நேர்முனையில் (பாசிட்டிவ்), அந்தக் கம்பி டேங்கைத் தொடக்கூடாது, எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் சேர்மம் கரைந்து வரும். ஹைட்ரஜனும் வெளியேறும், ஆகவே திறந்தவெளியில். பொசிவை அவசரத்துக்கு நிறுத்தச் சோப்புக்கட்டியைத் தேய்க்கலாம் என்ற குறிப்பு இருக்கட்டும், பெட்ரோலில் சோப்பு எளிதில் கரைவதில்லை, வண்டியை வீடு சேர்க்க உதவும்.

'மின்னல் துரு' மட்டும் இன்னும் உறுத்துகிறது. துரு நீக்கிக் கழுவிய தகடு காய்வதற்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லியதாகப் படர்கிறதே, அதற்குப் போட்டிருக்கிறீர்கள். மின்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போதைக்கு புதுத்துரு என்று மாற்றியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் பட்டறையில் வழங்குவதாக யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.