உகாண்டா, ருவாண்டாவில் புற்றுநோய்ச் சிகிச்சை: பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

கதிரவன்:
உகாண்டா முழுமைக்கும் இருந்த ஒரே கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் 2016ஆம் ஆண்டு பழுதாகி நின்றது. புதியது இயங்கத் தொடங்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. இதைக் கண்ட பிறகும் ஏழை நாடுகள் இத்தகைய கருவிகளில் பணத்தைக் கொட்டலாம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ருவாண்டா 2011இலேயே பள்ளிச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான ஹெச்பிவிக்கு எதிரான தடுப்பூசி போடத் தொடங்கி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட்டு முடித்தது. வளர்ந்த பெண்களுக்கோ, கருப்பைவாயில் நீர்த்த வினிகரைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, புற்றுநோயின் முன்நிலையைக் குறிக்கக்கூடிய வெளுத்த இடத்தைக் கண்டறியப் பயிற்சி பெற்ற செவிலியரும் நல்ல வெளிச்சமும் போதும்.

மலர்விழி:
தடுப்பூசியை நான் மறுக்கவில்லை, கதிரவன். ஆனால் அந்தச் சிறுமியின் தாய்க்கு இன்று கட்டி முற்றி இரத்தம் போகிறதென்றால், கதிர்வீச்சு இல்லாமல் அவளைக் குணப்படுத்துவது பெரும்பாலும் இயலாது. இருபது ஆண்டுப் பழைய ஒற்றை இயந்திரத்தை நம்பி ஒரு நாட்டையே விட்டதுதான் முலாகோவில் நடந்த பிழை. ருவாண்டாவின் வடக்கே, மலைப்பகுதியான புட்டாரோவில் 2012இல் திறந்த புற்றுநோய் மையத்தைப் பாருங்கள்: நிபுணர்கள் இல்லாத குறையை, பொது மருத்துவர்களும் செவிலியர்களும் எழுதிவைத்த நெறிமுறைகளின்படி, பாஸ்டன் மருத்துவர்களிடம் தொலைவிலிருந்தே கலந்தாலோசித்துக் கீமோதெரபி கொடுத்து ஈடுகட்டினார்கள். ஆனால் கதிர்வீச்சை அவர்களால் அப்படி ஈடுகட்ட முடியவில்லை. 2019இல் கிகாலியில் சொந்த மையம் வரும்வரை நோயாளிகளை எல்லை தாண்டி அனுப்ப வேண்டியிருந்தது.

சேவியர்:
வலியைப் பற்றி இருவருமே பேசவில்லை. உகாண்டாவில், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் தூளை நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்களே அதை எழுதிக்கொடுக்கச் சட்டம் 2004இல் வழிசெய்தது. நோய் முற்றிய பின்பே பலர் வந்து சேரும் நாட்டில் இது கடைசியாகப் பார்த்துக்கொள்ளும் காரியம் அல்ல.

கதிரவன்:
மார்ஃபினை முழுமனதாக ஏற்கிறேன். இயந்திரத்தைப் பொறுத்தவரை, பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்காத அரசுக்கு அதை நன்கொடையாகத் தரவே கூடாது என்பேன்.

மலர்விழி:
அரசு ஒதுக்காததற்கு அந்தத் தாயா தண்டனை பெறுவது? பத்தாண்டுப் பராமரிப்பையும், உள்ளூர்ப் பொறியாளர் இருவருக்கான பயிற்சியையும் நன்கொடை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கொடுக்கட்டும்.