அத்லெடிக் ட்ரெய்னிங்குக்கு மாஸ்டர்ஸ் வேணாமாம்! (ஹூஸ்டன் சித்தப்பா கவனத்துக்கு)

ஐஸ்தொட்டி:
காலேஜ் அட்மிஷன் இழைல நம்ம ஹூஸ்டன் சித்தப்பா போற போக்குல கொளுத்திப் போட்டுருக்காரு. அமெரிக்கால அத்லெடிக் ட்ரெய்னர் ஆக பேச்சிலர் போதுமாம், கணுக்கால்ல டேப் சுத்த ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் எதுக்காம். அதுக்கு லைக் வேற. நான் ஒஹாயோல அந்த மாஸ்டர்ஸ்தான் படிச்சிட்டு இருக்கேன், பாத்துட்டு சும்மா போக முடியல. 2015லயே அறிவிச்சாச்சு, 2022 ஃபால் செமஸ்டருக்கு அப்புறம் எந்த காலேஜும் இதுக்கு பேச்சிலர்ல புதுசா ஆள் எடுக்கக் கூடாது. இப்ப ஸ்கூல் முடிக்கிற பிள்ளை பிஓசி பரீட்சை (இந்த வேலைக்கான தேசிய அளவு சர்டிபிகேட் பரீட்சை) எழுதணும்னா அங்கீகாரம் உள்ள மாஸ்டர்ஸ் முடிச்சே ஆகணும். அரைகுறையா எழுதி யாரையும் கவுத்து விடாதீங்க.

ஹூஸ்டன் சித்தப்பா:
வாங்க தம்பி. நான் இந்த ஊர்ல கால் வெச்சப்ப நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க. என் மச்சினர் பையன் வெறும் பேச்சிலர்தான், இங்க ஹைஸ்கூல்ல அத்லெடிக் ட்ரெய்னர், வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மேட்ச்ல கோச் பக்கத்துல நிக்கிறான். என் கண்ணால பாத்தது பொய்யா?

ஐஸ்தொட்டி:
அவர் எந்த வருஷம் காலேஜ்ல சேர்ந்தார்?

ஹூஸ்டன் சித்தப்பா:
வேலை பாக்குறானா இல்லையா? அதுக்கு பதில் சொல்லுங்க.

கடலூர் அக்கா:
ட்ரெய்னர்னா ஜிம்ல வெயிட் தூக்க சொல்லித் தர்றவங்கதானே? எங்க ஜிம் பொண்ணு ஆன்லைன்ல ஏதோ சர்டிபிகேட் வாங்கிட்டே சேந்துட்டா. அதுக்கா மாஸ்டர்ஸ்?

ஐஸ்தொட்டி:
அக்கா அது பெர்சனல் ட்ரெய்னர், இது வேற, அடிபட்டு விழுற ப்ளேயருக்கு மைதானத்துலயே சிகிச்சை பாக்குற வேலை, 1990லயே அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் இதை மருத்துவம் சார்ந்த தொழில்னு ஒத்துக்கிச்சு. ஆகஸ்ட் வெயில்ல ஹெல்மெட், பேட் எல்லாம் மாட்டிட்டு ஓடுற பையன் திடீர்னு சம்பந்தமில்லாம உளறுவான். அப்ப நெத்தில தெர்மாமீட்டர் வெச்சா தப்பான நம்பர்தான் காட்டும், ஆசனவாய்ல வெச்சுத்தான் பாக்கணும், 105 டிகிரிய நெருங்கிட்டா ஆம்புலன்ஸ்ல ஏத்தக் கூடாது, மொதல்ல ஐஸ் தண்ணி தொட்டில இறக்கி, முங்கிடாம இருக்க அக்குள் வழியா துண்டு போட்டு ஒருத்தர் பிடிச்சுக்க, இன்னொருத்தர் தண்ணிய கலக்கிட்டே இருக்கணும், 102க்கு வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி. 2001ல மினசோட்டா வைக்கிங்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ப்ளேயர் கோரி ஸ்ட்ரிங்கர் இந்த ஹீட் ஸ்ட்ரோக்லதான் போனாரு. 2023 ஜனவரில சின்சினாட்டில ப்ளேயர் டமார் ஹாம்லின் இதயம் நின்னு விழுந்தப்ப சிபிஆர் பண்ணது அவர் டீம் பஃபலோ பில்ஸோட அத்லெடிக் ட்ரெய்னர். இதுவா டேப் சுத்துறது?

ஹூஸ்டன் சித்தப்பா:
நல்லா கதை சொல்றீங்க. அந்த பஃபலோ ஆளு 2022க்கு அப்புறமா படிச்சாரு? புது ரூல் வர்றதுக்கு முன்னாடி படிச்சவர்தான உயிரைக் காப்பாத்தினாரு? அப்ப பழைய படிப்புல என்ன கொறைச்சல்?

நெப்ராஸ்கா குமரன்:
சித்தப்பா சொல்றதுல இந்த ஒரு பாயின்ட் சரி. நானும் பழைய பேச்சிலர் ஆளுதான், என் பிஓசிய யாரும் புடுங்கல. அந்தக் காலத்துல பேச்சிலரோட பரீட்சை எழுதிட்டு, ஏதாவது காலேஜ்ல ஜிஏவா (கிராஜுவேட் அசிஸ்டென்ட், படிச்சிட்டே காலேஜுக்கு வேலை பாக்குறவன்) சேந்தா ஃபீஸ் கிடையாது, கைச்செலவுக்கும் குடுப்பாங்க, ரெண்டு வருஷம் ஒரு டீமையே தனியா பாத்துக்கிட்டு மாஸ்டர்ஸும் முடிச்சிடலாம். மாடு மாதிரி உழைச்சேன், அது வேற. இப்ப பசங்க கைக்காசு போட்டு மாஸ்டர்ஸ் படிச்சிட்டு அதே சம்பளத்துக்கு வர்றாங்க, 2024 அரசாங்கக் கணக்குல நடு சம்பளமே 60,000 டாலர் கிட்டதான். இது யாருக்கு லாபம்?

ஐஸ்தொட்டி:
குமரன் அண்ணே, சம்பளத்தப் பத்தி தனி இழை போடுங்க, நானே வந்து திட்டுறேன். இங்க கேள்வி ஒண்ணுதான். சித்தப்பா, மச்சினர் பையன் எந்த வருஷம் சேர்ந்தார்?

ஹூஸ்டன் சித்தப்பா:
அது உங்களுக்கு எதுக்கு? பொண்ணு குடுக்கப் போறீங்களா? டெக்ஸாஸ்ல 1971லயே லைசென்ஸ் கொண்டு வந்தாச்சு, நாட்டுலயே மொத ஸ்டேட் நாங்கதான். எங்க லைசென்ஸ் எங்களுக்கு. உங்க ஒஹாயோ வந்து பாடம் எடுக்க வேணாம்.

கடலூர் அக்கா:
எங்க கலிபோர்னியால லைசென்ஸே கிடையாதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்களே?

ஐஸ்தொட்டி:
ஆமாக்கா, அங்க மட்டும்தான் இல்ல, அது ஒரு கொடுமை. சித்தப்பா, ஸ்டேட் லைசென்ஸ் வேற பிஓசி வேற. டெக்ஸாஸ் லைசென்ஸ மட்டும் வெச்சிக்கிட்டு உங்க பையன் நாளைக்கு ஒஹாயோ வந்தா பிஓசி எங்கன்னு கேப்பாங்க. எந்த வருஷம்?

ஹூஸ்டன் சித்தப்பா:
அவன் எதுக்கு ஒஹாயோ வரணும்? அங்க என்ன இருக்கு, பனிதான?

நெப்ராஸ்கா குமரன்:
அப்டியே பேச்ச மாத்துவாரு. போன பொங்கல் பாட்லக் கணக்கு கேட்டப்பவும் இதே மாதிரிதான், தட்டு வாங்கின பில் எங்கன்னு கேட்டா வேட்டி கட்டினவங்க எத்தனை பேருன்னு எழுதினாரு.

ஹூஸ்டன் சித்தப்பா:
குமரா, அந்த பில்ல உனக்கு வாட்ஸப்ல அனுப்பியாச்சு. நீ அன்னைக்கு சாம்பாரே கொண்டு வரல, ரெண்டு டின் கோக்கோட வந்த ஆளு. நாலு பேரு கூட்டிட்டு வந்து சாப்ட்ட. அதப் பத்தி பேசுவமா?

நெப்ராஸ்கா குமரன்:
ரெண்டு டின் இல்ல, ஒரு கேஸ், முழுப் பெட்டி. போட்டோ இருக்கு.

புது உறுப்பினர் 88:
வணக்கம், என் பொண்ணு அடுத்த வருஷம் ஹைஸ்கூல் முடிக்கிறா, இதுதான் படிப்பேங்கிறா. பேச்சிலர்ல எந்த மேஜர் எடுத்தா மாஸ்டர்ஸுக்கு சரியா வரும்?

ஹூஸ்டன் சித்தப்பா:
மாஸ்டர்ஸே வேணாம்மா, இந்த இழைல மேல நான் விளக்கமா எழுதிருக்கேன், பாருங்க. குமரா, போட்டோவப் போடு, ஒரு கேஸா ரெண்டு டின்னான்னு எல்லாரும் எண்ணிப் பாக்கட்டும்.

ஐஸ்தொட்டி:
மேடம், கைனீசியாலஜி (உடம்பு அசைவு பத்தின படிப்பு) மாதிரி ஏதாவது எடுக்கச் சொல்லுங்க, அனாட்டமி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் கேப்பாங்க, சேரப்போற காலேஜ் லிஸ்ட்ட பாத்துக்குங்க. சித்தப்பா பேச்சக் கேக்காதீங்க. சித்தப்பா, வருஷம்?

ஹூஸ்டன் சித்தப்பா:
மொதல்ல போட்டோ வரட்டும்.