பின் அச்சு இரண்டாம் முறையும் உடைந்தது, எந்த ஹப் போடலாம்?

மஞ்சக்குப்பம்:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து முதலியார்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போக மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல். என் எடை 92 கிலோ, கேரியரில் பை வேறு. ஒரே வருடத்தில் பின் அச்சு இரண்டு முறை போய்விட்டது. போன வாரம் கிருமாம்பாக்கம் தாண்டியதும் டயர் ஃபிரேமில் உரச ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் அச்சு இரண்டு துண்டு.

7 கியர், வி-பிரேக், 36 துளை ரிம். ரிம் நன்றாகவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு புது ஹப் (சக்கரத்தின் நடு உருளை) வாங்கிக் கம்பி கோக்க நினைக்கிறேன். "சீல்டு பேரிங் போடுங்க, உடையவே உடையாது" என்கிறார் கடைக்காரர். சரிதானா?

அரியாங்குப்பம்:
அண்ணா, உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலப்பக்கக் கோனை (அச்சில் திருகி, பேரிங் குண்டுகளான பால்ஸைப் பிடித்து வைக்கும் நட்டு) ஒட்டி முறிந்திருக்கிறதா? முறிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்தும் மறுபகுதி பளபளவென்றும் இருக்கிறதா? அப்படியானால் விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது. அன்றைக்கு முறிந்தது மிச்சம் மட்டும்தான்.

உங்களுடையது ஃப்ரீவீல், அதாவது கியர் பற்சக்கரத் தொகுதி, திருகும் ஹப் என்று நினைக்கிறேன். அதில் வலப்பக்க பால்ஸ் கியருக்கு உள்பக்கம் இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரைக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர் அச்சு தாங்கல் இல்லாமல் நிற்கிறது. 92 கிலோவும் ஒவ்வொரு பள்ளமும் அந்த இடத்தைத்தான் வளைக்கும். பேரிங் அதே இடத்தில் இருந்தால் சீல்டு போட்டும் பயன் இல்லை.

கேசட் ஹப் பாருங்கள், அதில் கியர் பற்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டுவார்கள். ஷிமானோ 1978-இல் கொண்டுவந்த ஃப்ரீஹப் அமைப்பில் வலப்பக்க பேரிங் கியர்களுக்கு அடியில், வெளி ஓரத்துக்கே போய்விட்டது. அச்சு வளைய இடமே இல்லை. வாங்கும் முன் ஃபிரேமின் பின்கால்களுக்கு நடுவே உள்பக்க அகலத்தை அளந்துவிடுங்கள். 135 மி.மீ.யா 130 மி.மீ.யா என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

புதுச்சேரி:
அச்சு விஷயத்தில் தம்பி சொல்வது சரி. ஆனால் நம் ஊரில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோன், பால்ஸ் வகை ஹப்பை ஐப்பசி மழை முடிந்ததும் பிரித்துக் கழுவிக் கிரீஸ் வைக்காமல் விட்டுவிட்டேன். ஹப்புக்குள் பால்ஸ் உருளும் கப்பில் குழி விழுந்தது. கோனை மாற்றலாம், கப்பை மாற்ற முடியவில்லை. ஹப்பே வீண். கடைக்காரர் சொன்ன சீல்டு வகை, அதாவது முழுதாகக் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் பேரிங் என்றால் எண்ணைச் சொல்லி பேரிங் கடையிலேயே வாங்கலாம். 2ஆர்எஸ் என்று போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. அப்படி வாங்குவதானால் அச்சு தடிமனாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அரியாங்குப்பம்:
உண்மைதான் அக்கா. ஆனாலும் அண்ணன் தினமும் ஓட்டுகிறவர், தானே பிரித்துப் பார்ப்பார். மெல்லிய கோன் ஸ்பேனர் இரண்டு, பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்ஸ் 18, கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு முறை செய்தால் கப்புக்கு ஒன்றும் ஆகாது. என் ஓட்டு ஷிமானோ கோன் ஹப்புக்கே.

மஞ்சக்குப்பம்:
அளந்தேன், 135. துண்டும் நீங்கள் சொன்ன மாதிரியே, முக்கால் பாகம் கறுத்து ஒரு பிறை மட்டும் பளபளக்கிறது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது, இத்தனை நாள் அதன் மேல்தான் பேருந்துகளுக்கு நடுவே போயிருக்கிறேன். கோன் ஹப்பே வாங்குகிறேன். என் 7 கியர் ஷிஃப்டர் வீணாகுமா?

அரியாங்குப்பம்:
வீணாகாது. 8, 9, 10 கியர் ஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டு 7 கியர் கேசட்டை மாட்டலாம். பழைய கம்பியை மறுபடி கோக்க வேண்டாம். புது ஹப் கைக்கு வந்ததும் ஃபிளாஞ்சுகளை (ஹப்பில் கம்பி மாட்டும் விளிம்புகள்) நீங்களே அளந்து கம்பி நீளம் கணக்குப் போடுங்கள். வலமும் இடமும் ஒரே நீளம் வராது. ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு). அலுமினிய நிப்பிள் உப்பில் அரித்துவிடும்.

மஞ்சக்குப்பம்:
வேலை முடிந்தது. வலத்துக்கு 290, இடத்துக்கு 292 மி.மீ. கம்பி. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடக்கும்படி மூன்று குறுக்காகக் கோத்து, இரண்டு இரவு உட்கார்ந்து ரிம்மின் கோணலை நிமிர்த்திப் பெண்ட் எடுத்தேன். நாலு நாள் ஓட்டியதில் இடப்பக்கம் மூன்று கம்பி மட்டும் தளர்ந்திருந்தது. அரைச் சுற்று இறுக்கிவிட்டு இன்று காலை முதலியார்பேட்டை வந்து சேர்ந்தேன்.